நேராக நீட்டிய கை

என் இடது முன்கையில் ஒரு வட்டம் இருக்கிறது. பாதி கறுப்பு, பாதி வெறும் தோல். கறுப்புக்குள் ஒரு வெளிர்ப் புள்ளி, வெளிருக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. யின்-யாங் சின்னம், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக் கடையில் பச்சை குத்திக்கொண்டது. அப்போது நான் ஐக்கிடோ வகுப்பில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஒழுங்காக உருண்டு விழக்கூட வராது. ஆனால் எதிரெதிர் சக்திகள் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்று முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேச வரும். ஆபீஸ் கேன்டீனில் பேசியிருக்கிறேன். மின்சார ரயிலில் பேசியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் அண்ணனுக்கு வாய்ப்பே கொடுக்காமல், அவனுக்கு மாமனார் ஆகவிருந்தவரிடம் அர்த்தநாரீஸ்வரர் வரைக்கும் இழுத்துப் பேசியிருக்கிறேன்.

இப்போது முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். கேட்டால் ஆபீசில் ஏசி அதிகம் என்பேன்.

ஐக்கிடோ தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (சுருக்கமாக! என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.) அடிக்க வருகிறவனை எதிர்த்து நிற்காமல், அவன் வருகிற வேகத்தோடு தானும் சேர்ந்து திரும்பி, அந்த வேகத்தாலேயே அவனை விழவைக்கிற ஜப்பானியக் கலை. போட்டி கிடையாது, பாயின்ட் கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. எங்கள் வகுப்பு மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியின் மாடியில், காலை ஐந்தே முக்காலுக்கு. சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருக்கும். குட்டி நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நீல நிற ரப்பர் பாய்களை ஒன்றோடொன்று கோத்துப் போடுவோம். வகுப்பு நடத்துகிற மாஸ்டருக்கு ரயில்வேயில் வேலை. முப்பத்தைந்து வயசுதான் இருக்கும், அதிகம் பேசமாட்டார். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். நாலு முறை நான் அடிக்க வருவேன், நீங்கள் என்னை வீழ்த்துவீர்கள். அடுத்த நாலு முறை நீங்கள் வருவீர்கள், நான் வீழ்த்துவேன். பெல்ட், வயசு, எடை எதையும் பார்ப்பதில்லை. விழுவதும் பாதிப் பயிற்சி. அடிக்க வருகிறவர் உண்மையாக அடிக்க வர வேண்டும், விழ வேண்டிய இடத்தில் உண்மையாக உடம்பைக் கொடுக்க வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவன் யாரை வேண்டுமானாலும் தடுத்துவிடலாம். அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. அதனால் தடுக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், இதைப் பற்றியே ரீல்ஸ் போட்டிருக்கிறேன்.

என் ஜோடி பெரும்பாலும் ஓர் அக்காதான். நாற்பதைத் தாண்டியவர். அனகாபுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் வேலை. ஏழே காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் ஆறு ஐம்பதுக்கு வணக்கம் வைத்துவிட்டு, பாத்ரூமில் புடவை மாற்றிக்கொண்டு ஓடுவார். ஆறு வருஷமாக இப்படி. பிரவுன் பெல்ட், கறுப்புக்கு ஒரு படி கீழே. நான் சேர்ந்த புதிதில் எனக்கு விழக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்: "தலைய வயித்துப் பக்கம் வெச்சுக்க தம்பி. தரைய சண்டைக்காரனா பாக்காத, அது பாட்டுக்குக் கீது."

அவருக்கு ஜோடியாகக் கிடைத்ததை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதை எழுதவே கூசுகிறது. என் நாலு முடிந்ததும், "அக்கா, கடைசி சரியா வரல, இன்னொண்ணு" என்பேன். ஐந்தாகும், ஆறாகும். அவர் முறை வந்ததும் முதல் தடவையிலேயே நடுவில் நிறுத்துவேன். "அக்கா, ஒரு நிமிஷம். நீங்க ரொம்ப சாஃப்டா போறீங்க. மென்மைக்குள்ள ஒரு வன்மை இருக்கணும். இப்ப பாருங்க..." பிரவுன் பெல்ட்டுக்கு, பல படி கீழே இருக்கும் என் ஆரஞ்சு பெல்ட் பாடம் எடுக்கிறது. அவர் என் கையைப் பிடித்தபடியே கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அதைக் கவனமாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மட்டும் சொன்னார்: "தம்பி, நீ யோசிக்கிறத கொஞ்சம் வூட்ல யோசிச்சுட்டு வர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளும் அதையேதான் செய்தேன்.

அவருடைய பிளாக் பெல்ட் தேர்வு வந்தது. அது அவருக்கு வெறும் பெல்ட் இல்லை. அவர் தெருவில், வழக்கமாகப் போகும் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால் உண்டு. அங்கே பெண்களுக்கு ஒரு வகுப்பு தொடங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாதிரியாரிடம் பேசி, வாரம் இரண்டு சாயங்காலம் ஹாலை வாங்கிவிட்டார். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள், ஒரு நர்ஸ் என்று பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிளாக் பெல்ட் இல்லாமல் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் விதி. தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சர்ச்சுக்குப் போவாம குஸ்தி போடப் போனா கர்த்தர் எப்டிப் பாஸ் போடுவாருன்றாங்க என் மாமியாரு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் பதற்றம் இருந்தது.

தேர்வில் தன்னை அடிக்க வருகிறவரை, தேர்வு கொடுக்கிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஞாயிறு முகூர்த்த நாள், பாதிப் பேர் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "நான் வரேன்க்கா. உங்க மூவ்மென்ட் எனக்குத்தான் அத்துப்படி."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி வா. ஆனா பேசக் கூடாது."

"சத்தியமா பேசமாட்டேன்கா."

பேசவில்லை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

தேர்வு நடத்த பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதல் இருபது நிமிஷம் அக்கா அற்புதமாகச் செய்தார். நான் ஓடி வருவேன். அவர் இருந்த இடத்தில் இருக்கமாட்டார், என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருப்பார். அடுத்து கூரையின் மின்விசிறி தெரியும், பாய் தெரியும், எழுந்து மறுபடி ஓடி வருவேன். அவரோடு அப்படிப் பயிற்சி செய்தபோதெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். வாயை மூடியிருந்த அன்றுதான் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம்.

தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். வீடியோ எடுக்க என் ஆபீஸ் நண்பன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தேன். அவன் ஜன்னல் ஓரம் குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், உண்மையச் சொல்லு. செட்டப்புதானே?"

"என்னடா செட்டப்பு?"

"அந்த அக்கா தொட்டாலே பறக்குற. வாழைமரம் சாயுற மாதிரி சாயுற. ஜிம்முக்கு வேற போற. இத ஆபீஸ் குரூப்ல போடட்டா?"

"டேய், அது டெக்னிக்டா..."

"ஆமா ஆமா, டெக்னிக்கு."

அவ்வளவுதான். வேறொன்றுமே நடக்கவில்லை. இப்படி ஒரு சாதாரணக் கிண்டலுக்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்பதை எத்தனையோ விதமாக அழகுபடுத்திப் பார்த்துவிட்டேன், அழகாகவில்லை.

அடுத்தது கையைப் பிடித்துச் செய்கிற உத்தி. நான் மேலிருந்து தலைக்கு வெட்டுவதுபோல அடிக்க வேண்டும். அவர் என் மணிக்கட்டையும் முழங்கையையும் வாங்கி, கையை மடக்கித் திருப்பி, என்னைக் குப்புறக் கீழே கொண்டுவர வேண்டும். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அடித்தேன். அவர் கை என் முழங்கையில் பட்டதும் கையை நேராக நீட்டி விறைத்துக்கொண்டேன். உடம்பு எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்தேன். மடங்கவில்லை. அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். நான் நேரே சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மறுபடி," என்றார் தேர்வாளர்.

மறுபடியும் அதையே செய்தேன். மூன்றாவது முறையும். மூன்றாவது முறை அவர் என் கையை விட்டுவிட்டு, பின்வாங்கி நின்று, குனிந்து வணங்கினார். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தவற்றை நன்றாகத்தான் செய்தார். நானும் ஒழுங்காக விழுந்தேன். ஆனால் அந்த ஒன்றில் மதிப்பெண் இல்லை, அது கட்டாயப் பகுதி. "இன்னும் ஆறு மாதம். தாக்குகிறவர் ஒத்துழைக்காதபோது வேறொன்றுக்கு மாறத் தெரிய வேண்டும்" என்று தேர்வாளர் இங்கிலீஷில் சொன்னார். அக்கா "யெஸ் சார்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவிதம். மாடிப்படியில் இறங்கும்போது அவர் பக்கத்தில் போய் ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் அப்பவே சொன்னேன்ல, உங்ககிட்ட மென்மை மட்டும்தான் இருக்கு. எதிர்ப் பக்கம் இல்லாம பேலன்ஸ் வராது. அந்த வன்மைய மட்டும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்க."

கைப்பையில் ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரி தம்பி," என்றார்.

திங்கட்கிழமை கிண்டிக்குப் போகிற ரயிலில் நண்பன் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். ரீல்ஸுக்கு நல்ல துண்டாக வெட்டத்தான். அந்த மூன்று தடவையையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். முதலில் என் கை தெரிந்தது. உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குமுன் எத்தனையோ பேரின் விறைத்த கையைப் பார்த்து 'இது ஈகோ' என்று விளக்கம் கொடுத்தவன் நான். பிறகு அவர் கையைப் பார்த்தேன். மூன்றாவது தடவையில் அவருடைய இடதுகை என் முழங்கைக்கு அடியில் போகிறது. வலதுகை மணிக்கட்டைத் திருப்பத் தொடங்குகிறது. அரை விரற்கடை திருப்பியிருப்பார். நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்கிறார். விடுகிறார்.

மீனம்பாக்கம் வந்தது, பழவந்தாங்கல் வந்தது. அந்த அரை விரற்கடையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்காமல் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் படித்தே தெரியும். எடை முழுவதும் சாய்த்து, நேராகப் பூட்டி வைத்த முழங்கை அது. கிண்டியில் இறங்க மறந்து சைதாப்பேட்டையில் இறங்கினேன்.

செவ்வாய் காலை அவர் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அக்கா, மூணாவது தடவை... மாறத் தெரிஞ்சும் விட்டீங்களா?"

பாயின் பற்களை உள்ளங்கையால் தட்டிக் கோத்துக்கொண்டே சொன்னார்: "தெரியாம இன்னா. ஆறு வருசமா இன்னா பண்ணிக்கினுகீறேன்?"

"அப்புறம் ஏன்கா பண்ணல?"

"பண்ணா உன் கை முட்டி போயிருக்கும். கம்பெனில ஒரு பொண்ணுக்குப் போச்சு, மெஷின்ல. மூணு மாசம் ஜாக்கெட் போடக்கூட ஆள் வேணும் அதுக்கு. நீ கீபோர்டு தட்டிப் பொழைக்கிறவன்."

"உங்க பெல்ட்டு..."

"பெல்ட்டு ஆறு மாசம் கழிச்சு வரும். தள்ளு, அந்தப் பாயக் குடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வருமா என்பதுபோலச் சொன்னார். அவரிடம் வன்மை இல்லை என்று படியில் நான் பாடம் எடுப்பதற்குச் சற்று முன்புதான் அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவில் என் முழங்கை இருந்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்து, என்ன செய்யக் கூடாது என்று முடிவெடுத்து, அதற்கான விலையையும் அவரே கொடுத்து, அப்புறம் "சரி தம்பி" என்றும் சொல்லியிருக்கிறார்.

உடனே ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது எனக்கு. எனக்கு எப்போதும் உடனே ஏதாவது செய்ய வேண்டும். வியாழக்கிழமை எல்லோரும் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்து வகுப்பு தொடங்கப் போகிற நேரத்தில், கையைத் தூக்கி, "மாஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். நண்பனின் கிண்டல், விறைத்த கை, வீடியோ, எல்லாம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதைக் கொஞ்சம் ரசித்தேன் என்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். அகங்காரத்தைக் கரைப்பது பற்றி ஒரு வாக்கியம்கூட வந்தது.

பின்வரிசையில் ஏசி மெக்கானிக் அண்ணா ஒருவர், "இன்னாபா, பாவமன்னிப்பா? ஃபாதரு எங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, பத்து நிமிசம் ஆச்சு. எனக்கு பஸ்சுக்குப் போவணும். ஆரம்பிக்கலாமா மாஸ்டர்?"

அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவருடைய பத்து நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் அவரை, கருணையோடு தோற்றவராக, என் கதையில் ஒரு பாத்திரமாக நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டரிடம் தனியாகப் போய், பெங்களூர்க்காரருக்கு வீடியோவை அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாமா என்றேன். அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "அவங்க உன் மூக்குல ஒண்ணு தட்டிட்டுப் போயிருக்கலாம். வேற நாலு வழி இருக்கு. அன்னிக்கு அது வரல. மார்க் மார்க்தான்" என்றார். பிறகு, "நீ அனுப்பணும்னா அவங்கள கேட்டுட்டு அனுப்பு" என்றார். கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். "உன் முட்டியக் காட்டி நான் பெல்ட்டு வாங்கணுமா?" அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. பழைய ரீல்ஸையும் ஒவ்வொன்றாக அழித்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆறு மாதத்தில் பெயர் கொடுத்த பதினோரு பேரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பது அவர் மாஸ்டரிடம் பேசும்போது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நர்ஸுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆடி மாதக் கடைசியில் ஹாலில் வேறு யாரோ டியூஷன் ஆரம்பித்துவிட, வாரம் இரண்டு சாயங்காலம் ஒன்றாகச் சுருங்கியது. அவள் ஒருத்தியாவது, அந்தக் கல்யாணப் பெண், ஜூனிலேயே தொடங்கியிருந்தால் நாலு பாடமாவது கற்றுக்கொண்டு போயிருப்பாள் என்று அக்கா ஒருமுறை சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் கேட்கிற தூரத்தில் இருப்பதும் அவருக்குத் தெரியாது.

மறுதேர்வு நாள் வந்தது. முந்தின வியாழன் மாஸ்டர் ஜோடி யார் என்று கேட்டார். நான் பேச வாயெடுத்துவிட்டேன். அக்கா அதற்குள், காலேஜ் முதலாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்ணைக் காட்டினார். அவர் எடையில் பாதிகூட இருக்கமாட்டாள். சேர்ந்து ஒரு வருஷம்தான். "நானா ஆன்ட்டி? எனக்கு பயமா இருக்கு" என்றாள். "நீ அடிக்கிறப்ப நெஜமாவே அடிக்கிற. அது போதும்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "கோச்சுக்காத தம்பி. நீ வந்தா உன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கணும் நான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அது நியாயம் என்பதால் இன்னும் ஆழமாக இறங்கியது.

ஞாயிறன்று நான் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் உண்மையாகவே அடித்தாள். ஒருமுறை அக்காவின் நெற்றியில் பட்டே விட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்தது, தேர்வாளருக்கும். அந்தக் கை உத்தி வந்தபோது என் முழங்கை தானாக இறுகியதை உணர்ந்தேன். அக்கா அவள் கையை வாங்கினார், மடங்கியது, திரும்பியது, அவள் குப்புறப் பாயில் இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. மொத்தம் இரண்டு விநாடி இருக்கும்.

பாஸ். எல்லோரும் கை தட்டினோம். கீழே, பள்ளி கேட்டருகே அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தபோது போனேன். "வாழ்த்துக்கள்கா," என்றேன்.

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். காத்திருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஹாலில் வகுப்பு தொடங்கிவிட்டது. நாலு பேர் வருகிறார்களாம். என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. கேட்டால் "அட போப்பா, அதெல்லாம் எப்பவோ போச்சு" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்கிற வேலையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று கேட்காமல் இருக்கிறேன். கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் சுலபமாக வரவில்லை.